கடிதவுறையைத் திருப்பிக் கொடுத்த தலைவர்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், புவியியல் ஆசிரியர் விடுமுறையில் நின்றமையால், அவருடைய வகுப்பை அதிபராகிய நானே நடத்த நேர்ந்தது. ஆறுகளுக்கு அணை கட்டுவதனால் உண்டாகும் நன்மைகள் என்பது அன்றைய பாடம். நீர்ப்பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு, மீன்வளர்ப்பு என்று கரும்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போனேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. “ஐயா, இப்போது தண்ணீர் நிற்கின்ற இடத்தில் முன்பு யார் இருந்தார்கள்?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லிவந்த எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. அதனைவிட, அப்படி ஒரு கேள்வி உண்டென்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. “அடுத்த பாடத்திற் பார்ப்போம்” என்று சொல்லித் தப்பினேன். ஆனால் அப்பிள்ளையின் கேள்வி என்னை விடவில்லை. அதன் பின்னே நான் தேடிப் படித்தவற்றுள் ஒரு மனிதருடைய வரலாறு என் மனத்திற் பதிந்து நின்றது. அவர் பள்ளிக்கூடத்திற் படித்தவர் அல்லர்; எழுத்தறியாதவர். அவருடைய கதையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிலிப்பைன் நாட்டின் பெருந்தீவு லூசோன். அதன் வடபாகத்திலே கோர்டில்லேரா என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அம்மலைகளுக்கிடையே வடக்கு நோக்கிப் பாய்ந்து, ககயான் என்னும் பேராற்றோடு கலப்பது சிக்கோ ஆறு. சிக்கோ என்றால் ஸ்பானிய மொழியிற் சிறியது என்று பொருள். பெயர்தான் சிறியது, அதன் கரைகளில் வாழும் பொன்டொக், கலிங்கா மக்களுக்கு அதுவே உயிர்நாடி. கலிங்கா என்ற பெயரைக் கேட்டதும் நம் செவிக்குப் பழகிய கலிங்க நாடு நினைவுக்கு வரலாம். ஒலி ஒற்றுமையன்றி வேறு தொடர்பு கொள்ளவேண்டியதில்லை.

அம்மக்கள் நெல் விளைப்பவர்கள். சமவெளியிலன்று, செங்குத்தான மலைச்சரிவுகளிலே படிப்படியாக வரம்பு கட்டி, ஊற்றுநீரையும் ஓடைநீரையும் வாய்க்கால் வழியாக மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறக்கி வயல் செய்பவர்கள். ஒரு வரம்பு இடிந்தால் அதன் கீழுள்ள வயல்களெல்லாம் கெடும். ஆகவே அங்கே ஒருவன் தன் வயலை மாத்திரம் காத்துக்கொண்டு வாழ்தல் இயலாது. வரம்பு கட்டிய பாட்டன்மாரின் உடல்களும் அந்த மண்ணிலேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. வயல், வாய்க்கால், கல்லறை என்ற மூன்றையும் ஒன்றாகக் கூட்டியே அவர்கள் ‘ஊர்’ என்று சொல்வார்கள்.

ஊருக்கும் ஊருக்குமிடையே பகை தோன்றாதிருக்க அவர்கள் வகுத்துக்கொண்ட முறையொன்று உண்டு. ‘போடொங்’ என்பது அதன் பெயர். இரண்டு ஊரார் கூடி, தத்தம் எல்லை இன்னது, ஓரூரான் மற்றோரூருக்குச் சென்றால் அவனுடைய உயிருக்குப் பிணை இன்னார், தீங்கு நேர்ந்தால் ஈடு இவ்வளவு என்று பேசி முடித்துக்கொள்ளும் சமாதான உடன்படிக்கை அது. எழுத்தில் இல்லாவிடினும் அது தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்தது. இத்தகைய உடன்படிக்கைகளைப் பேசி நிறைவேற்றும் ஆற்றலும் நாவன்மையும் நேர்மையும் உடைய மூத்தோரைப் ‘பங்கட்’ என்று அம்மக்கள் மதித்தனர். அத்தகைய பங்கட் ஒருவரே மக்லீங் துலாக். சிக்கோக் கரையிலுள்ள புக்னாய் என்னும் சிற்றூர் அவருடைய ஊர். வயலில் உழைத்ததோடு, அரசாங்க வீதியைச் செப்பனிடும் தொழிலாளியாகவும் நாட்கூலி பெற்று வாழ்ந்தார்.

1972இல் அதிபர் மார்க்கோஸ் அந்நாட்டில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். அடுத்த ஆண்டிலே உலகெங்கும் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருந்த அரசாங்கம், ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்க எண்ணிச் சிக்கோவின் மீது கண்வைத்தது. நான்கு அணைகள், மொத்தம் 1010 மெகாவாற் மின்சாரம், செலவுக்கு உலக வங்கியின் நிதி. திட்டம் காகிதத்தில் மிக அழகாகவே இருந்தது. ஆனால் அக்காகிதத்தில் நீலநிறம் தீட்டிய இடங்களிலெல்லாம் ஊர்களும் வயல்களும் கல்லறைகளும் இருந்தன. 1974இல் நில அளவையாளர் கருவிகளோடு வந்து இறங்கியபோதுதான் மக்கள் செய்தியை அறிந்தனர். அவர்களிடம் எவரும் முன்னர் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதை இங்கே சற்று ஆராயவேண்டும். நம்மவர் காணி உறுதிகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிப் பேணுவார்கள். உறுதி இருந்தால் காணி நம்முடையது; இல்லாவிடில் வழக்கு. மலைமக்களிடம் உறுதி இல்லை. ஸ்பானியர் அத்தீவுகளைப் பிடித்தபோது, தனியாருக்கு வழங்கப்படாத நிலமெல்லாம் அரசனுக்கே உரியது என்ற கொள்கையை நாட்டினார்கள். அவர்களுக்குப் பின் வந்த அமெரிக்கரும் அதனைக் கைவிடவில்லை. இபலோய் இனத்தவரான மத்தேயோ கரிஞ்ஞோ என்பவர் தம் மேய்ச்சல் நிலத்துக்காக வழக்காடி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நினைவுக்கெட்டாத காலந் தொட்டு ஒருவருடைய கைவசமிருந்த நிலம் ஒருகாலும் அரசுக்குரியதாய் இருந்ததில்லை என்றே கொள்ளவேண்டும் என 1909இல் நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். சிறந்த தீர்ப்பு. ஆயினும் அது பெரும்பாலும் சட்டப் புத்தகங்களுள்ளேயே கிடந்துவிட்டது.

1975இல் மார்க்கோஸ் ஆட்சி ஒரு வனச் சட்டத்தைப் பிறப்பித்தது. நூற்றுக்குப் பதினெட்டு வீதமோ அதற்கு மேலோ சரிவுள்ள நிலத்தைத் தனியாருக்குரியதாக வகைப்படுத்தலாகாது என்று அது விதித்தது. மலைச்சரிவில் வயல் செய்து வாழும் ஓரினத்துக்கு இதன் பொருள் யாது? பாட்டன் கட்டிய வரம்பின்மேல் நிற்கும் பேரன், சட்டத்தின் கண்களுக்கு அத்துமீறிக் குடியிருப்பவன். கொலை நிகழ்வதற்கு நெடுநாள் முன்னரே, இத்தகைய சட்டங்களினால் அதற்கு வழி திறந்துவிடப்படுகின்றது. ஒருவனை முதலில் அவனுடைய மண்ணிலே அந்நியனாக்கிவிட்டால், பின்னர் அவன் தன் வீட்டைக் காப்பதும் குற்றமாகத் தோன்றும்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. முதலில் மனுக்கள் எழுதுவித்தார்கள், தலைநகருக்குத் தூது போனார்கள், பயன் இல்லை. நில அளவையாளர் கூடாரம் அடித்தபோது, கைக்கருவி எதுவுமின்றிப் பெண்கள் திரண்டு சென்று அக்கூடாரங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆடவர் சென்றாற் சண்டை மூளும். இரத்தம் சிந்தும் என்பதனாலேயே பெண்கள் முன்வந்தார்கள். 1975ஆம் ஆண்டு மே மாதத்தில், பொன்டொக், கலிங்காத் தலைவர்கள் தலைநகர்ப் பகுதியிலுள்ள கெசோன் நகரில் ஒன்றுகூடினார்கள். இரண்டு ஊர்களுக்கிடையே மாத்திரம் நடந்துவந்த பழைய போடொங், அன்று பல ஊர்களைப் பிணைக்கும் பேருடன்படிக்கையாயிற்று. அணைவேலைக்கு ஒருவரும் கூலிக்குப் போகலாகாது என்று அதிலே முடிவு செய்தனர். தம்முள் பகைத்திருந்த ஊர்கள் பொது இடர் வந்தபோது பழைய முறையையே புதிய கருவியாக்கிக்கொண்டன. இவ்வொற்றுமையைக் கட்டியெழுப்பியவர்களுள் முன்நின்றவர் மக்லீங்.

அச்சுறுத்தலால் ஆகாததை ஆசைகாட்டி முடிக்கலாம் என்று அரசினர் கருதினர். சிறுபான்மை இனத்தவரின் நலனைக் கவனிப்பதற்கென அமைந்திருந்த ‘பனமின்’ என்னும் அரசாங்க நிறுவனத்தின் தலைவர் மனுவேல் எலிசால்டே மலைநாட்டுக்கு வந்தார். அவர் மக்லீங்கிடம் ஒரு கடிதவுறையை நீட்டினார் என்றும், மக்லீங் அதனைத் திறந்தும் பாராமல் திருப்பிக் கொடுத்தார் என்றும் அந்நாட்டார் சொல்லுவர். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: உறைக்குள்ளே இருக்கக்கூடியவை இரண்டுதான், ஒன்று கடிதம், மற்றையது பணம். கடிதமாயின் எனக்கு வாசிக்கத் தெரியாது. பணமாயின் விற்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆகையால் இவ்வுறை எனக்குரியதன்று.

நேயர்களே, தருக்க நூலைக் கற்றுப் பட்டம் பெற்ற நாம், இதனைவிடத் தெளிவாக ஒரு வாதத்தை அமைத்துவிட இயலுமா? நிலம் மனிதனைவிட நீண்டகாலம் வாழ்வது. தன்னைக் கடந்து வாழும் பொருளை ஒருவன் தன் உடைமை என்று எப்படிச் சொல்வான் என்பதும் அவருடையதாக வழங்கும் கருத்து. அவர் நிலத்துக்கு உரிமை கோரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நிலத்தை விற்கும் உரிமை தமக்கு இல்லை என்றார். அதனை வாங்கும் உரிமை பிறர்க்கும் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

1980ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 24ஆம் நாள் இரவு, படையினர் புக்னாய்க்குள் நுழைந்தனர். இரண்டு வீடுகளைச் சூழ்ந்துகொண்டனர். ஒன்று மக்லீங்குடையது. மற்றது அவருடைய உற்ற துணைவரும் எழுத்தறிந்தவருமான பேத்ரோ துங்கொக்கினுடையது. கதவைத் திறக்கும்படி கூவினர். மக்லீங் திறக்கவில்லை. மூடிய கதவினூடாகவே வேட்டுகள் பாய்ந்தன. தம் வீட்டு வாயிலுக்கு உட்புறத்தே, கதவைக் காத்து நின்றபடியே அவர் வீழ்ந்தார். துங்கொக் உயிர் தப்பினார்.

தலைவரைக் கொன்றவர்கள் எதனை எதிர்பார்த்தனர்? எழுத்தில்லாத சமுதாயத்தில், எல்லை எங்கே உளது, உடன்படிக்கை யாது, எந்த வாய்க்கால் எவருக்கு என்பவையெல்லாம் மூத்தோரின் நினைவிலேயே உறைகின்றன. அத்தகையவர் ஒருவரைக் கொல்வது, ஓரூரின் காணிக் கந்தோருக்குத் தீ வைப்பதை ஒக்கும். பதிவேடு எரிந்தபின் எல்லையை விரும்பியவாறு வரையலாம் அன்றோ? ஆகையினாலேயே இத்தகைய வன்முறை எங்கெங்கும் தலைவர்களைத் தேடிச் செல்கிறது.

ஆனால் இங்கே கணக்குத் தவறியது. மக்லீங் காத்துவந்த நினைவு அவருடையதாக மாத்திரம் இருந்ததில்லை. போடொங் என்பது பலர் நாவிலும் பலர் நெஞ்சிலும் வாழ்வது. அவருடைய கொலை, அதுவரை ஒதுங்கிநின்ற ஊர்களையும் ஒன்றாக்கியது. செரெஸ் தோயோ என்ற பெண்மணி மலைநாட்டுக்குச் சென்று விசாரித்து அக்கொலையைப் பற்றித் தலைநகர் வார இதழொன்றில் எழுதினார். அதன்பொருட்டு அவர் இராணுவத்தினரால் விசாரிக்கப்பட்டார். எனினும் செய்தி பரவிவிட்டது. கொலை தொடர்பாகப் படையினர் சிலர் இராணுவ நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். உலக வங்கி அத்திட்டத்திலிருந்து விலகியது. 1986இல் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். அந்த நான்கு அணைகளில் ஒன்றேனும் எழவில்லை. தான் நிதியளிக்கும் திட்டங்களினாற் பழங்குடி மக்களுக்கு நேரும் தீங்கைப் பற்றிய முதற் கொள்கையை உலக வங்கி 1982இல் வகுத்ததற்குச் சிக்கோவின் படிப்பினையும் ஒரு காரணம். 1997இல் பிலிப்பைன் நாடு பழங்குடி மக்கள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. முற்கூட்டியே, கட்டாயமின்றி, உண்மை அறிந்து அளிக்கும் சம்மதம் பெறாமல் அவர்களுடைய நிலத்திற் கைவைக்கலாகாது என்பது அச்சட்டத்தின் நெறி. பத்து ஆண்டுகளின் பின், 2007இல், ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இதே நெறியைத் தன் பிரகடனத்திலே ஏற்றுக்கொண்டது.

இத்துடன் கதை முடிந்ததாயின் மகிழ்ச்சியோடு விடைபெறலாம். அப்படி முடியவில்லை.

மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டுராஸ் நாட்டிலே லென்கா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் புனிதமாகக் கருதும் குவல்கார்க்கே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நிறுவனம் அணை கட்ட முற்பட்டபோது, பெர்த்தா காசெரெஸ் என்னும் பெண்மணி அம்மக்களின் தலைவியாய் நின்று தடுத்தார். 2013இல் வீதி மறியல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே தோமாஸ் கார்சியா என்ற லென்காத் தலைவரைச் சிப்பாயொருவன் சுட்டுக் கொன்றான். பெர்த்தாவுக்கு 2015இல் உலகப் புகழ்பெற்ற கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. விருது அவரைக் காக்கவில்லை. 2016 மார்ச் 2ஆம் நாள் இரவு, கொலைஞர் அவருடைய வீட்டுக் கதவை உடைத்து உட்புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றனர். சுட்டவர்களோடு விசாரணை நின்றுவிடவில்லை என்பதே இவ்வழக்கின் சிறப்பு. எழுவருக்கு 2019இல் நீண்டகாலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இராணுவப் புலனாய்வுப் பிரிவிற் பணியாற்றியவரும் அணை நிறுவனத்தின் தலைவருமானவர் 2021இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, அடுத்த ஆண்டிலே இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

இரண்டு வரலாறுகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஓர் ஆறு, ஓர் அணை, ஓர் இரவு, ஒரு கதவு. இடைப்பட்டது முப்பத்தாறு ஆண்டுகள், ஒரு பெருங்கடல். நிலத்தையும் சூழலையும் காக்க நின்றமையாற் கொல்லப்பட்டோரை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வரும் குளோபல் விற்னஸ் என்னும் அமைப்பு, 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 196 பேரைப் பட்டியலிட்டது. அவர்களில் 79 பேர் கொலம்பியா என்ற ஒரே நாட்டினர். உலக மக்கட்டொகையிற் பழங்குடியினர் நூற்றுக்கு ஆறு வீதமளவினரே. அப்பட்டியலிலோ ஆண்டுதோறும் அவர்கள் பெறும் இடம் அதனைப் பன்மடங்கு விஞ்சுகிறது.

நம் நாட்டு நினைவும் இங்கே வருதல் இயல்பு. மகாவலித் திட்டத்தையொட்டி, நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதியைக் காக்கும்பொருட்டு 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. அக்காட்டில் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் வெளியேறிப் புதுக் குடியேற்றங்களுக்குப் போகுமாறு கேட்கப்பட்டன. பெரும்பாலோர் போயினர். தம்பானையிலே ஊருவரிகே திஸ்ஸஹாமி என்னும் முதிய தலைவர் போக மறுத்தார். ஒருசில குடும்பங்களோடு அங்கேயே இருந்தார். 1998இல் மறையும்வரை அம்மண்ணை விடவில்லை. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆகவே சிக்கோவோடு அதனைச் சமமாக்குதல் நேர்மையன்று. எனினும், தேன் எடுத்தலும் வேட்டையாடுதலும் ஒரே நாளிற் குற்றமாகிவிட்டதைக் கண்ட அம்முதியவரின் திகைப்பை, சரிவுச் சட்டத்தைக் கேட்ட கலிங்கா உழவன் நன்கு விளங்கிக்கொள்வான்.

மின்சாரம் வேண்டாவோ, அணைகள் தீயனவோ என்று சிலர் கேட்கலாம். இவ்வுரை உங்கள் செவிக்கு எட்டுவதும் மின்சாரத்தினாலேதான். வானம் பொய்த்த ஆண்டில் குளத்துநீரை நம்பிப் பயிர் செய்த உழவன் அணையைப் பழிக்கமாட்டான். கேள்வி அணையைப் பற்றியதன்று; அதன் விலையை யார் கொடுக்கிறார், அவரை யாராவது கேட்டாரா என்பதைப் பற்றியது. நகரத்து விளக்கு எரிவதற்காக ஒருவன் தன் பாட்டனின் கல்லறையை நீருக்குள் விடவேண்டுமாயின், குறைந்தபட்சம் அவனுடைய வாயிலிற் பகலிலே போய் நின்று கேட்கவேண்டும். அவன் இல்லையென்று சொன்னால் அச்சொல்லைக் கேட்டுத் திரும்பவும் தெரியவேண்டும். பகலிற் கேட்க மனமில்லாதபோதுதான் இரவிற் கதவு தட்டப்படுகிறது.

ஏப்பிரல் 24ஆம் நாளை மலைநாட்டு மக்கள் ஆண்டுதோறும் கோர்டில்லேரா நாளெனக் கொண்டாடுகின்றனர். கெசோன் நகரிலே மார்க்கோஸ் ஆட்சியை எதிர்த்து உயிர்நீத்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுச் சுவரில் மக்லீங்கின் பெயரும் உண்டு. 2017இல் அவருடைய சொந்த ஊரின் வீதியோரத்திலே அவருக்கும் தோழர் இருவருக்கும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அது வீதியின் எல்லைக்குள் அமைந்துவிட்டது என்ற காரணங் கூறி, 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை இடித்து அகற்றினர். அரசாங்க வீதிகளைச் செப்பனிட்டுக் கூலி பெற்று வாழ்ந்த மனிதருடைய சின்னம், வீதியின் பெயராலேயே அகற்றப்பட்டது. ஆனால் சிக்கோ இன்றும் ஓடுகிறது. வயல்களில் நெல் விளைகிறது.

இப்பொழுது எங்கள் பாடசாலையில் அணைகளைப் பற்றிய பாடம் வரும்போது, கரும்பலகையில் நன்மைகளை எழுதி முடித்தபின் ஒரு வரிக்கு இடம் விடுகிறோம். ‘தண்ணீர் நிற்கும் இடத்தில் முன்பு யார் இருந்தார்கள்?’ என்று அங்கே எழுதுகிறோம். அதற்கு விடை தேடிக்கொண்டு வருவது மாணவரின் வேலை. அக்கேள்வியைக் கேட்ட பிள்ளை பாடசாலையை விட்டுப் போய்ப் பல காலமாயிற்று. அன்று நான் கொடாத விடையை, காலந் தாழ்த்தியேனும், இன்று வானொலி வாயிலாகக் கொடுக்கிறேன்: தம்பி, அங்கே மனிதர்கள் இருந்தார்கள்.